ஜீவபலியும் உள்ளார்ந்த வழிபாடும்

சிங்கப்பூரில் ஞாயிறுதோறும் தமிழ்க் கிறித்தவர் கூடும் ஆலயங்கள் பல. ஓபிர் சாலையில் 1888-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற லூர்து அன்னை ஆலயத்திற்குச் செல்வோர் 'திருப்பலி'க்குச் செல்வதாகச் சொல்வர். அவருள் முதியோர் சிலர் இன்றும் 'பூசை' என்றே வழங்குவர். தேக்காவுக்கு அணித்தே, ஷார்ட் தெருவில் உள்ள தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்திற்குச் செல்வோர் 'ஆராதனை'க்குச் செல்வதாகச் சொல்வர். கடவுள் ஒருவரே, திருமறையும் ஒன்றே. ஆயினும் வழிபாட்டின் பெயர் மட்டும் மூன்றாய் நிற்கிறது. இது வெறும் பழக்கவேற்றுமை அன்று. கிறித்தவ வழிபாடு என்பது பலியா, பலியன்றா என்னும் நெடுங்கால வழக்கு இம்மூன்று சொற்களுக்குள்ளும் அடங்கிக் கிடக்கிறது.

அவ்வழக்கின் நடுவே நிற்பது திருமறையின் ஒரே ஒரு வசனம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனித பவுல் ரோமாபுரிக் கிறித்தவர்க்கு எழுதிய மடலின் 12-ஆம் அதிகார முதல் வசனமே அது. கிரேக்க மூலத்தில் அதன் கருத்து இது: உங்கள் உடல்களை உயிருள்ளதும் தூயதும் கடவுளுக்கு உகந்ததுமான பலியாக அளியுங்கள், அதுவே உங்களுக்குரிய 'லொகிகே லத்ரேயா'. இவ்விறுதித் தொடரை எவ்வாறு தமிழாக்குவது என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. 1871-இல் ஹென்றி பவர் முதலியோர் நிறைவேற்றிய மொழிபெயர்ப்பின் வழிவந்ததும், சீர்திருத்தத் திருச்சபையாருட் பெரும்பாலோர் இன்றும் கையாள்வதுமான பழைய மொழிபெயர்ப்பு, 'ஜீவபலி' என்றும் 'புத்தியுள்ள ஆராதனை' என்றும் கூறும். கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்து 1995-இல் வெளியிட்ட 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பு, 'உயிருள்ள பலி' என்றும் 'உள்ளார்ந்த வழிபாடு' என்றும் கூறும். இவ்விரண்டனுள் எது மூலத்திற்கு நெருங்கியது, எது தமிழ்ச் செவிக்கு மெய்ப்பொருளைக் கொண்டு சேர்ப்பது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழையது வடமொழி கலந்தது, புதியது தூய தமிழ்; ஆகவே புதியதே சிறந்தது என்று தமிழாசிரியர் சிலர் ஒரு வரியில் முடித்துவிடுவர். அம்முடிவு அவசரமானது என்பது நம் கருத்து. நடை வேறு, பொருள் வேறு. நடையில் வென்ற நூல் பொருளில் ஓரிடத்தே தோற்கவும் கூடும்.

முதற்கண் சொல்வரலாற்றைச் சிறிது காண்போம். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய தமிழ் நூலின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. அண்டிரிக் அடிகளார் வழிபாட்டைச் சுட்ட எடுத்துக்கொண்ட முதற்சொல் 'வணக்கம்' என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அச்சொல் இன்று சாலையில் எதிர்ப்படுவோர்க்குச் சொல்லும் முகமனாகிவிட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனப்படும் நோபிலி அடிகளார் நம்மவர் சமயச் சொற்களையே எடுத்துக் கையாண்டார். 'பூசை', 'ஞானஸ்நானம்' போன்ற வழக்குகள் கத்தோலிக்கரிடையே வேரூன்றின. அவ்வழக்கில் 'ஞானம்' என்பது அறிவை மட்டும் குறிப்பதன்று, ஆன்மாவைச் சார்ந்தது என்னும் பொருளையும் தரும். ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? இது பின்னால் நமக்குப் பயன்படும்.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் லூத்தரின் வழியினர். நற்கருணைச் சடங்கைப் பலி என்று கொள்ளுவதை லூத்தர் 1520-லேயே மறுத்தெழுதினார். திரெந்துச் சங்கமோ 1562-இல் அது பலியே என்று உறுதிசெய்தது. ஐரோப்பாவில் எழுந்த இப்பிளவு தமிழுக்குள்ளும் வந்து, சொற்களைப் பங்கிட்டுக்கொண்டது. ஒரு சாரார் மேசையைப் பீடம் என்றனர். மற்றொரு சாரார் பீடத்தைத் திருவிருந்து மேசை என்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தாய்மொழி வழிபாட்டிற்கு வழிதிறந்தபின் 'பூசை' பின்னொதுங்க, 'திருப்பலி' முன்வந்து நின்றது. பலி என்னும் சொல்லை ஒருவர் சடங்கின் பெயராக்கினர்; மற்றவர் அதனைச் சிலுவைக்கும் பின்பு அடியாரின் வாழ்வுக்கும் மட்டுமே உரியதாக்கினர். பவுலின் வசனம் இரு சாராருக்கும் பொதுவாக நடுவே நிற்கிறது.

இனி 'பலி' என்னும் சொல்லைப் பார்ப்போம். இன்று தமிழ் நாளேட்டைக் கையிலெடுக்கும் மாணவன் இச்சொல்லை முதலில் எங்கே காண்கிறான்? சாலை விபத்துச் செய்தியின் தலைப்பில் காண்கிறான்! இறந்தவர் யாருக்கும் எதனையும் படைத்தவர் அல்லர். யாராலும் படைக்கப்பட்டவரும் அல்லர். ஆயினும் நம் செய்தித்தாள்கள் அவரைப் 'பலி' என்கின்றன. சொல்லுக்கு நேர்ந்த இச்சிறுமையை இதழாசிரியர்கள் எண்ணிப் பார்ப்பது நன்று.

பழந்தமிழில் இச்சொல் விரிந்த பொருளுடையது. காக்கைக்கு வைக்கும் சோறும் பலி. நடுகல்லுக்குப் படைப்பதும் பலி. பிட்சாடனராகிய சிவபெருமான் மனைதோறும் சென்று ஏற்கும் பிச்சையைத் தேவாரம் பலி என்றே பாடும். குருதியும் இதற்கு அயலன்று: திருமுருகாற்றுப்படையில் குறவர் முருகனுக்கு இடும் பலி, கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசி. சோறு, குருதி, பிச்சை ஆகிய மூன்றையும் ஒரு சொல் தாங்கி நின்றது. ஆகவே பழைய மொழிபெயர்ப்பின் லேவியராகமத்தில் மாவினால் செய்யும் காணிக்கைக்குப் 'போஜனபலி' என்று பெயரிட்டிருப்பதைக் கண்டு நகைப்போர், தமிழ் மரபு அறியாது நகைக்கின்றனர் என்க. மாவும் எண்ணெயும் பலியாவது தமிழுக்குப் புதிதன்று. புதிய மொழிபெயர்ப்பு இதனை 'உணவுப்படையல்' என்று மாற்றியது எளிமைக்காக. அதுவும் அழகிய சொல்லே.

குருதியைக் குருதியின்றிச் செலுத்தும் வழியையும் தமிழர் அறிவர். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவுவதும், பூசணிக்காயைப் பிளந்து உள்ளே சிவப்பைக் கொட்டி உடைப்பதும் சிராங்கூன் சாலைக் கடைவாசல்களிலேயே காணக்கூடியவை. திருக்கோயிலில் கொடிமரத்தருகே உள்ள பலிபீடத்தில் நம் ஆணவத்தைப் பலியிட வேண்டும் என்று பெரியோர் விளக்கம் சொல்வர். பொருள் நுட்பமாகிக்கொண்டே போவதைக் காண்கிறோம்: கிடாய், பின்பு பூசணி, பின்பு ஆணவம்.

எபிரேயர் வரலாற்றிலும் இத்தகைய ஏற்றம் உண்டு. பலியைவிட இரக்கமே கடவுளுக்கு உவப்பு என்றார் ஓசியா தீர்க்கர். நொறுங்கிய உள்ளமே பலி என்றது 51-ஆம் சங்கீதம். நம் வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் (குறள் 259) ஆயிரம் வேள்வியை ஒரு தட்டிலும் ஓருயிரைக் கொன்று உண்ணாமையை மறுதட்டிலும் வைத்து நிறுக்கிறார். ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றென்று கொள்வது பிழை. வள்ளுவர் கவலை கொல்லப்படும் உயிரைப் பற்றியது. ஓசியாவின் கவலை பலியிட்டுவிட்டு அயலானை வஞ்சிப்பவனைப் பற்றியது. 51-ஆம் சங்கீதமோ, உள்ளமே பலி என்று சொன்ன கையோடு, இறுதி வசனத்தில் பீடத்தின்மேல் காளைகளை ஏற்றி முடிகிறது! உள்ளப்பலி வந்ததால் கைப்பலி ஒழிந்தது என்று அது சொல்லவில்லை. உரை சொல்வோர் பலர் இவ்விறுதி வசனத்தைப் பேசாது விட்டுவிடுகின்றனர்.

இதனை வேறொருவர் விடாமல் பற்றிக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பார்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர் அவர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது. ஆடு, மாடு, தூபம், தீபம், அப்பம், அபிடேகம், ஆசாரியன் உடை ஆகிய யாவற்றையும் எழுத்தெண்ணிப் படித்த நாவலர், 1854-இல் 'சைவதூஷணபரிகாரம்' வெளியிட்டார். சைவரின் கிரியைகளை அஞ்ஞானம் என்று பழிப்பவர்களே, உங்கள் வேதத்திலேயே கடவுள் இத்தகைய கிரியைகளைக் கட்டளையிட்டிருக்கிறாரே என்பது அந்நூலின் வினாக்களுள் தலையாயது. அதே நாவலர் சிறுதெய்வங்களுக்கு உயிர்ப்பலியிடுதலைக் கடுமையாகச் சாடியவர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பாதிரிமார் தரப்பின் விடை என்ன? பழைய ஏற்பாட்டுக் கிரியைகள் நிழல். கிறிஸ்து ஒருமுறை செலுத்திய பலியால் அவை நிறைவுற்றன. இனி அடியார் செலுத்துவது ஆவிக்குரிய பலியே என்பது அவர்கள் விடை. இவ்விடைக்கு ஆதாரமான வசனங்களுள் தலையாயது நாம் எடுத்துக்கொண்ட ரோமர் 12:1. ஆகவே அதனை எவ்வாறு தமிழில் சொல்வது என்பது சிறிய கேள்வி அன்று. 'ஆவிக்குரியது' என்றால் உடலற்றது என்று பொருளாகுமாயின், நாவலரின் வினா மேலும் வலுப்பெறும்: உடலைப் படைத்த கடவுளுக்கு உடலால் செய்யும் தொண்டு மட்டும் ஏன் ஆகாது?

'ஜீவபலி' என்னும் தொடரின் இடர் இனி வருகிறது. ஜீவனை உடைய பலி என்று விரித்தால் அது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஜீவனைக் கொன்றிடும் பலி என்று விரித்தாலும் அதே தொகைதான்! இலக்கணம் இங்கே கைகொடுக்கவில்லை. வழக்குத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வழக்கோ கிறித்தவர்க்கு எதிராகத் தீர்ப்பளிக்கிறது. ஜீவகாருண்யம் பேசுவோர் 'ஜீவபலி', 'உயிர்ப்பலி' என்றால் ஆடு கோழி வெட்டுவதையே குறிப்பர். கோயில்களில் விலங்கும் பறவையும் பலியிடுவதைத் தடுக்கச் சென்னை மாநிலத்தில் 1950-இல் சட்டம் வந்தது; நெடுநாள் உறங்கிய அச்சட்டம் 2003-இல் தமிழ்நாட்டில் முடுக்கிவிடப்பட்டு, 2004-இல் நீக்கப்பட்டது. அந்நாளைய வாதங்களில் 'உயிர்ப்பலி' என்னும் சொல் பட்ட பாட்டைப் படித்தவர் அறிவர். அவ்வாறாயின், கிறித்தவர் அல்லாத தமிழர் ஒருவர் பவுலின் மடலைத் திறந்து 'ஜீவபலி' என்று காணும்போது, பவுல் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதையே முதலில் உணர்வார். கொல்லப்படாத பலி என்பதே பவுல் செய்த புதுமை. அப்புதுமையைப் பழைய மொழிபெயர்ப்பின் தொகைச்சொல் விழுங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் 1995 மொழிபெயர்ப்பின் வெற்றி ஐயமற்றது. 'உயிருள்ள பலி' என்று தொகையை விரித்தமையால் மயக்கம் தீர்ந்தது. 'படையுங்கள்' என்னும் வினை அதனினும் சிறப்பு. படையல் என்பது தமிழ் வீட்டின் அடுக்களையில் தொடங்கிக் கோயில் கருவறை வரை செல்லும் சொல். பழையதில் உள்ள 'ஒப்புக்கொடுத்தல்' காவல்நிலையத்தில் பொருளை ஒப்படைப்பது போல் ஒலிக்கிறது என்று சொன்னால், பழைய நடையில் தோய்ந்த அன்பர்கள் வருந்தலாம். எனினும் இன்றைய செவிக்கு அவ்வாறே கேட்கிறது.

ஆனால் இவ்வளவு செம்மையாகச் செய்தவர்கள் ஓரிடத்தில் ஒரு சொல்லைக் கைவிட்டனர். மூலத்தில் 'உடல்களை' என்று இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு 'சரீரங்களை' என்று அப்படியே வைத்தது. புதியது 'உங்களை' என்று மாற்றிவிட்டது.

இம்மாற்றத்திற்குச் சான்றோர் துணை இல்லாமல் இல்லை. பவுலின் வழக்கில் 'சோமா' என்பது தோலும் தசையும் மட்டுமன்று, முழு மனிதனையே குறிக்கும். மனிதன் உடலை உடையவன் அல்லன், அவனே உடல் என்பது ஜெர்மானிய அறிஞர் புல்ட்மன் கொண்ட கருத்து. அவ்வழி நின்றால் 'உங்களை' என்பது தவறாகாது. ஆயினும் அவருடைய மாணவர் கேசமன் இதனை ஒப்பவில்லை. உடல் என்பது நாம் உலகத்தோடும் பிறரோடும் ஒட்டி நிற்கும் இடம். ஆகவே உடலைப் படையுங்கள் என்றால் அன்றாட உலக வாழ்வே வழிபாட்டுக் களம் என்று பொருள் என்பது, 1960-இல் இவ்வதிகாரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் சாரம். நமக்குக் கேசமன் பக்கமே நியாயம் தோன்றுகிறது. 'உங்களை' என்னும் சொல்லில் முழு மனிதன் அடங்குவான் என்பது உரையாசிரியர்க்குத் தெரியும். கேட்போர்க்கோ மனம்தான் முதலில் தோன்றும். அதனை அடுத்து 'உள்ளார்ந்த வழிபாடு' என்றும் வருவதால், உடல் முற்றிலும் மறைந்து, வசனம் முழுவதும் உள்ளத்திற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. இதனைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். 'உங்களை' என்பது தமிழில் பன்மையும் ஆகும், மரியாதை ஒருமையும் ஆகும். கோயில் இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒருவர் அதனைத் தம்மை மட்டும் நோக்கிச் சொன்னதாகவே கேட்பார். 'உங்கள் சரீரங்களை' என்றால் அவ்வாறு கேட்க இயலாது. மூலத்தில் உடல்கள் பன்மை, பலி ஒருமை. பலர் உடல்கள் சேர்ந்து ஒரு பலி! பழைய மொழிபெயர்ப்பும் சரீரங்களைப் பன்மையிலும் ஜீவபலியை ஒருமையிலும் காத்தது. இது தற்செயலன்று என்பதற்கு அதே அதிகாரத்தின் 4, 5 வசனங்கள் சான்று. ஓருடலில் பல உறுப்புகள் இருப்பதுபோல் பலராகிய நாம் ஓருடலாய் இருக்கிறோம் என்று பவுல் அங்கே தொடர்கிறார். முதல் வசனத்தில் உடல்கள், ஐந்தாம் வசனத்தில் ஒரே உடல். முதலதை எடுத்துவிட்டால் பின்னது வேரின்றித் தொங்குகிறது.

சிங்கப்பூர்த் தமிழர்க்கு இச்சொல் தேவைப்படுவதற்கு வேறு காரணமும் உண்டு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்தினின்று தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை காவடிகள் செல்கின்றன. தீபாவளிக்கு முன் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் தீமிதி நடைபெறுகிறது. நோன்பிருந்து, அலகு குத்தி, தோளில் சுமந்து, தணலில் நடந்து தமிழர் இறைவனுக்கு அளிப்பது உடலையே. ஆண்டுதோறும் இவற்றைக் கண்ணெதிரே காணும் ஊரில், உடலைப் படையுங்கள் என்னும் வாசகம் எவர்க்கும் உரை வேண்டாமலே விளங்கும். நேர்த்திக்கடன் ஒரு நாளில் நிறைவேறி முடிகிறது. பவுல் கேட்கும் படையலுக்கு முடிவு நாள் இல்லை. இவ்வேற்றுமையைச் சொல்ல வேண்டுமாயினும், முதலில் உடல் என்ற ஒற்றுமை நிற்க வேண்டுமன்றோ?

சேக்கிழார் இவ்விரு நெறிகளையும் நமக்குக் காட்டியிருக்கிறார். திருநின்றவூர்ப் பூசலார் மனத்திலேயே கோயில் கட்டினார். காஞ்சியில் காடவர்கோன் கல்லால் எடுத்த கோயிலுக்குக் குறித்த நாளிலேயே பூசலாரின் மனக்கோயிலுக்கும் நாள் வந்தது. இறைவன் மனக்கோயிலுக்கே முதலில் எழுந்தருளினான். கண்ணப்பரோ மனத்தில் நிற்கவில்லை. அம்பை எடுத்துத் தம் கண்ணையே அகழ்ந்தார். மற்றக் கண்ணுக்கும் அம்பு செல்லும்போது இறைவன் கை தடுத்தது. ஈசாக்கின்மேல் கத்தி ஓங்கிய ஆபிரகாமின் கையும் அவ்வாறே தடுக்கப்பட்டது என்பதைக் கிறித்தவ வாசகர் உடனே நினைவர். 'உள்ளார்ந்த வழிபாடு' என்னும் தொடர் தமிழ் நெஞ்சைப் பூசலாரிடம் கொண்டுசெல்கிறது. 'உடல்களைப் பலியாக' என்னும் தொடர் கண்ணப்பரிடம் கொண்டுசெல்கிறது. பவுலின் வசனம் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முயல்கிறது. அதனாலேயே அது கடினமாயிருக்கிறது. அதனாலேயே ஒரு பாதியை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு அமைதி கொள்ளலாகாது.

'லொகிகே' என்னும் அடைமொழிக்கு வருவோம். லோகோஸ் என்னும் பெயரடியாகப் பிறந்தது இது. சொல், அறிவு, ஒழுங்கு ஆகியவை அதன் பொருள்கள். இலத்தீன் மொழிபெயர்ப்பு இதனை அறிவு சார்ந்ததாகவே கொண்டது. பழைய தமிழும் அவ்வழியே 'புத்தியுள்ள' என்றது. மூலத்திற்கு அருகில் நிற்கும் சொல்தான். ஆயினும் 'புத்தியுள்ள பிள்ளை' என்று வீட்டில் வழங்குகிறோம். அதனால் சாமர்த்தியமான ஆராதனை என்பது போன்ற ஒலி அதில் ஏறிவிடுகிறது. புதிய மொழிபெயர்ப்பின் 'உள்ளார்ந்த' என்பது செவிக்கு இனிது. ஆனால் அதில் சொல்லும் இல்லை, அறிவும் இல்லை.

புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்வடைமொழி இரண்டே இடங்களில் வருகிறது. மற்றோரிடம் பேதுருவின் முதல் மடல் 2-ஆம் அதிகாரம், 2-ஆம் வசனம். புதிதாய்ப் பிறந்த குழந்தைகள் விரும்பும் பாலுக்கு அங்கே இது அடையாக நிற்கிறது. அங்கே பழைய மொழிபெயர்ப்பாளர் என்ன செய்தனர்? 'ஞானப்பால்' என்றனர்! சீகாழிக் குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை ஊட்டிய பாலை அறியாத தமிழன் உண்டோ? கிறித்தவத் திருமறையில் அச்சொல்லைத் துணிந்து வைத்தவர்களின் தமிழ்ப்புலமையைப் பாராட்டாமல் இருக்க இயலாது. அதே அடைமொழி ரோமர் மடலில் வந்தபோது மட்டும் 'புத்தி'க்குச் சென்றது ஏனோ, நமக்கு வருத்தமே. நோபிலி அடிகளார் காலந்தொட்டு 'ஞான' என்னும் அடை கிறித்தவத் தமிழில் நிலைத்திருக்க, அதனை இங்கும் வைத்திருக்கலாம்.

அப்பேதுரு மடலில், மூன்று வசனங்களுக்குள்ளேயே, 'ஆவிக்கேற்ற பலிகள்' என்னும் தொடரும் வருகிறது. 'ஆவி' என்றவுடன் திரைப்படம் பார்க்கும் நம் மாணவர் பேயை நினைத்து நகைப்பது உண்டு. இட்டலிச் சட்டியில் எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, உயிரும் ஆவி என்று ஆசிரியர் எடுத்துச்சொன்னால் நகைப்பு அடங்கும். கிரேக்கச் சொல்லான 'நியூமா'வும் காற்று, மூச்சு, ஆவி எல்லாம் ஆவதே. இவ்வளவு பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்தது மொழிபெயர்ப்பாளரின் நற்பேறு. அப்பலிகளைச் செலுத்துவோரைப் பேதுரு கட்டடத்தின் கற்களாகவும் ஆசாரியர் கூட்டமாகவும் உருவகிக்கிறார். தனிக்கல் ஒன்று மாளிகை ஆகாது. மேலே கண்ட பன்மை–ஒருமை நுட்பத்திற்கு இதுவும் துணை.

இப்பலிகள் யாவை என்பதை எபிரேயர் மடல் 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. முதலாவது துதி. ஓசியா 14-ஆம் அதிகாரத்தின் எபிரேய மூலத்தில் 'உதடுகளின் காளைகள்' என்று விந்தையான ஒரு தொடர் இருக்கிறது. பழைய தமிழும் அதனை அவ்வாறே அஞ்சாமல் வைத்திருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு காளையைக் கனியாக வாசித்தது. எபிரேயர் மடலும் 'உதடுகளின் கனி' என்றே கொண்டது. பீடத்தில் நின்ற காளை நாவில் பழுத்த கனியான கதை இது! பழைய மொழிபெயர்ப்பில் இதன் பெயர் 'ஸ்தோத்திரபலி'. இன்று தமிழ்ச் சபைகள் சிலவற்றில் ஆயிரம் ஸ்தோத்திரபலிகள் என்று தொகுத்த சிறு நூல்களை வைத்து வரிசையாகச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. சகஸ்ரநாம அர்ச்சனையின் சாயல் அதில் இருப்பதை அவ்வன்பர்கள் அறிவார்களோ, அறியார்களோ! தமிழ்ப் பக்தியின் பழைய வாய்க்கால் புதிய நீரையும் தன் வழியே இழுத்துச் செல்கிறது. அதில் குறை காண்பதற்கு இல்லை. ஆனால் அதிகாரம் அங்கே நிற்பதில்லை. அடுத்த வசனத்திலேயே நன்மை செய்தலும் உள்ளதைப் பகிர்தலும் கடவுள் உவக்கும் பலிகள் என்று வருகிறது. வாயின் பலியை ஆயிரமாகப் பெருக்கியவர்கள், கையின் பலிக்கு அத்தகைய நூல் ஒன்றும் அச்சிடவில்லை.

பவுலும் இதனையே செய்து காட்டினார். தாம் சிறையிலிருக்கையில் பிலிப்பி நகரத்துச் சபையார் அனுப்பிய உதவியை அவர் மடலின் 4-ஆம் அதிகாரத்தில் நறுமணமுள்ள பலி என்கிறார். லேவியராகமத்தில் தகனபலியின் புகைக்குக் கூறிய அதே நறுமணம் இங்கே சிறைக்கு வந்த உதவிக்கு ஆகிறது. காசும் பண்டமும் கைமாறுவது உள்ளார்ந்ததா, வெளியார்ந்ததா? இக்கேள்விக்கு 'உள்ளார்ந்த வழிபாடு' என்னும் தொடரால் விடை சொல்ல முடியாது. ஆவிக்குரியது என்பதற்கு எதிர்ச்சொல் உடலுக்குரியது அன்று என்பதைப் பிலிப்பியர் மடல் தெளிவாக்குகிறது.

ஆகவே 1995 பதிப்பின் இவ்வசனத்திற்குத் திருத்தம் வருமாயின் இரண்டு மாற்றங்களை வேண்டுவோம். 'உங்களை' என்பதை நீக்கி 'உங்கள் உடல்களை' என்று வைக்க வேண்டும். 'உயிருள்ள பலியாக', 'படையுங்கள்' ஆகிய இரண்டும் இருந்தபடியே இருக்கட்டும். 'உள்ளார்ந்த' என்பதற்கு ஈடாக 'ஞான வழிபாடு' என்று கொள்ளலாம். உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும் 'மெய்' இருக்க, 'மெய் வழிபாடு' என்றால் ஆகாதோ என்று நண்பர் ஒருவர் வினவினார். அழகிய சிலேடைதான், பிரசங்க மேடைக்கு ஏற்றது. ஆனால் மூலத்தில் அச்சிலேடை இல்லை.

'ஞான வழிபாடு' என்பதற்குச் சைவ அன்பரிடமிருந்து ஒரு தடை எழலாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறியில் ஞானம் முடிவில் உள்ளது, கிரியையைக் கடந்தது, ஆகவே இங்கும் உடல் கழன்றுவிடாதோ என்பார் அவர். தடை நியாயமானதே. 'உங்களை' என்பதை வைத்துக்கொண்டு 'ஞான வழிபாடு' என்று மட்டும் மாற்றினால் அவர் அஞ்சியதே நடக்கும். முன் தொடரில் 'உடல்களை' என்னும் சொல் அமர்ந்திருக்குமாயின், பின் தொடரின் ஞானம் அவ்வுடல்களைப் படைக்கும் செயலையே சுட்டி நிற்கும். கிரேக்கத் தொடரமைப்பும் அதுவே.